நீலப்பூவும் ஒரு திருத்தப் பதிவும்



கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. புத்தகத்தில் ஒரு தொகையைப் பிழையாக எழுதிவிட்டால் அதை அழித்துவிட்டு மேலே எழுதக் கூடாது. பிழை இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு ஒரு திகதியில், இன்ன பிழையை இன்ன காரணத்துக்காகத் திருத்துகிறேன் என்று எழுதித் திருத்தப் பதிவு ஒன்று போட வேண்டும். இன்றைக்கு நான் உங்களுடன் கதைக்கப் போவது அப்படியான ஒரு திருத்தப் பதிவு. பிழை விட்டது நான். விட்ட இடமும் இதே ஒலிவாங்கிதான்.

ஒரு வருடத்துக்கு முன்னர் இதே நேரத்தில் உணவுக்குப் போடும் நிறங்களைப் பற்றிப் பேசினேன். பிள்ளைகள் தின்னும் பலகாரங்களில் போடப்படும் இரசாயன நிறங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, நல்ல உற்சாகத்தில், "பூவிலிருந்து எடுக்கிற நிறத்துக்குப் பயமும் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை" என்று முடித்தேன். பலர் தொலைபேசி எடுத்துப் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்துபோய் இருந்துவிட்டேன்.

இந்த வருடம் வரிக்கணக்குக் காலத்தில் ஒரு தங்கச்சி என்னிடம் வந்தார். பெயர் வேண்டாம். வீட்டில் கேக் அடித்து, பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் என்று விற்கிறவர். சிறுதொழிலாகப் பதிந்து ஒழுங்காக வரி கட்டுகிறவர். லாச்சப்பலில் வேலை முடித்துவிட்டு ஆட்கள் எனக்குக் கொண்டுவரும் பில்கள் பெரும்பாலும் மரக்கறிப் பையோடுதான் வரும், சிலவேளை கறிவேப்பிலையும் சேர்ந்து வரும். இவர் மட்டும் கோவையில் போட்டு, திகதி வாரியாக அடுக்கிக் கொண்டுவருவார். அந்தக் கோவையில் மூன்று பில்கள் புதிதாக இருந்தன. சங்குப்பூத் தூள் 12 கிலோ, கிலோ 48 யூரோப்படி 576 யூரோ. அச்சடித்த லேபிள் 310 யூரோ. கண்ணாடி மூடி வைத்த பெட்டிகள் 264 யூரோ. மொத்தம் 1,150 யூரோ. லேபிளில் நீலப்பூப் படம் போட்டு, 'நூறு வீதம் பூவின் நிறம்' என்று பிரெஞ்சிலும் தமிழிலும் அடித்திருந்தது.

"இது என்ன புதுச் சரக்கு?" என்று கேட்டேன்.

"அண்ணை, நீங்கள்தானே ரேடியோவிலை சொன்னனீங்கள். நான் அதைக் கேட்டிட்டுத்தான் துணிஞ்சு காசு போட்டனான்."

சட்டத்தைப் பார்க்காமல் வாய் விட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று இரவே இருந்து வாசிக்கத் தொடங்கினேன். அதில் கண்டதைத்தான் இப்போது சொல்கிறேன். முன்பு சொன்னதில் சரியானவற்றையும் மீண்டும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பிழை என்று தள்ளிவிட்டால் அதுவும் பிழையான கணக்காகிவிடும்.

இரசாயன நிறங்களைப் பற்றி அன்று சொன்னது சரிதான். 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், 3 வயதும் 8, 9 வயதுமான பிள்ளைகள் சுமார் 300 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் கொடுத்தபோது பிள்ளைகளின் துருதுருப்புக் கூடியதாகக் கண்டார்கள். அதைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. ஈ 102, ஈ 104, ஈ 110, ஈ 122, ஈ 124, ஈ 129 என்பவை அந்த ஆறும். 2010 யூலை 20ஆம் திகதியிலிருந்து, இவற்றில் ஒன்றைப் போட்டால், பிள்ளைகளின் செயற்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று பைக்கற்றில் அச்சடிக்க வேண்டும். எங்கள் கடைகளில் விற்கும் கடும் சிவப்பு, கடும் மஞ்சள் பலகாரப் பைக்கற்றுகளைத் திருப்பிப் பாருங்கள். சின்ன எழுத்தில் இருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இவை அனுமதி உள்ளவை. அனுமதியே இல்லாதவை வேறு. 2003இல் இந்தியாவிலிருந்து வந்த மிளகாய்த் தூளில் சூடான் 1 என்ற சாயம் இருப்பதைக் கண்டுபிடித்து மற்ற நாடுகளுக்கு அறிவித்தது பிரான்ஸ்தான். எண்ணெய்க்கும் மெழுகுக்கும் நிறம் ஊட்டுகிற சாயம் அது. 2005இல் அதே சாயத்துக்காக இங்கிலாந்தில் 400க்கு மேற்பட்ட உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். 2024 பெப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாயையே தடைசெய்தன. அதில் துணிச்சாயமான ரோடமின் பி இருந்ததுதான் காரணம். ஆகவே பயந்து பூவின் பக்கம் திரும்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித் திரும்பினவன்தான்.

பூவிலிருந்து நிறம் எடுப்பது பெரிய வித்தையல்ல. பூக்களில் இருக்கும் நிறங்கள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று தண்ணீருக்கு இறங்கும், மற்றது எண்ணெய்க்கு இறங்கும். சங்குப்பூவின் நீலம், செவ்வரத்தையின் சிவப்பு என்பவை தண்ணீருக்கு இறங்குபவை. இவற்றுக்கு அந்தோசயனின் என்று பெயர். செண்டுமல்லியின் மஞ்சளும் செம்மஞ்சளும் எண்ணெய்க்கு இறங்குபவை. செண்டுமல்லி இதழைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு, நிறம் வரவில்லையே என்று கவலைப்படக் கூடாது. அதே இதழை இளஞ்சூட்டு நெய்யில் போட்டுப் பாருங்கள்.

தண்ணீர் வகையில் ஒரு விளையாட்டு உண்டு. புளிப்புச் சேர்ந்தால் சிவப்புப் பக்கம் போகும், சோடா சேர்ந்தால் நீலம், பச்சைப் பக்கம் போகும். இதை றொபேட் பொயில் 1664இலேயே வயலட் பூப் பாணியை வைத்து எழுதியிருக்கிறார். தானிய வயல்களில் முளைக்கும் நீலக் கோர்ன்பூவுக்கும் சிவப்பு ரோசாவுக்கும் நிறம் கொடுப்பது ஒரே பொருள்தான் என்று காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ரிச்சர்ட் வில்ஸ்டேட்டருக்குத் தாவர நிற ஆராய்ச்சிக்காக 1915இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, குசினியில் படுவது இன்னொன்று. அந்தத் தங்கச்சியும் என் மனைவியும் சேர்ந்து, நீலம் சரிவராவிட்டால் சிவப்பாவது எடுப்போம் என்று ஒரு சனிக்கிழமை இறங்கினார்கள். நானும் கூட நின்றேன். லாச்சப்பலிலிருந்து பத்து நிமிட நடையில் சாத்தோ ரூஜ். அங்கே ஆபிரிக்கக் கடைகளில் பிசாப் என்று காய்ந்த சிவப்புப் பூ சாக்கில் வைத்து விற்பார்கள். எங்கள் வீட்டு வேலியில் நின்ற செவ்வரத்தை அல்ல அது. புளிச்சக்கீரைக்கு உறவான செடி. கணக்குப் பார்த்தால் அது பூவும் அல்ல, பூ உதிர்ந்த பிறகு தடிக்கும் புல்லிவட்டம். ஆனால் எல்லோரும் பூ என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். செனகல், மாலி ஆட்கள் அதை ஊறவைத்துச் சீனி போட்டுக் குடிப்பார்கள். இங்கே அது நீண்ட காலமாக உணவாகவே விற்கப்படுகிறது. இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

50 கிராம் பிசாப்பை அரை லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, வடித்து, மெல்லிய சூட்டில் பாதியாக வற்றவைத்தோம். மாதுளம்பழச் சாறு மாதிரி ஒரு சிவப்பு. பார்க்கவே ஆசையாக இருந்தது. அதைக் கேக் மாவில் ஊற்றி அடித்து அவணுக்குள் வைத்தோம். முக்கால் மணித்தியாலம் கழித்து எடுத்தால் கேக் சீமெந்து நிறத்தில் இருந்தது. சாம்பலும் இல்லை, நீலமும் இல்லை. என் மகன் எட்டிப் பார்த்து, "இது என்ன, நடைபாதையை வெட்டிக்கொண்டு வந்தீர்களா?" என்று கேட்டான்.

காரணம் அப்பச்சோடா. மாவில் போட்ட சோடா புளிப்பைத் தின்றுவிட்டது. புளிப்புப் போனதும் சிவப்பும் போய்விட்டது. சூடும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. அடுத்த கிழமை மாவுக்குள் விடாமல் மேலே பூசும் ஐசிங்கில் விட்டோம். அதிலும் ஒரு பாடம் இருந்தது. முட்டை வெள்ளைக்கரு சற்றுச் சோடாக் குணமுள்ளது. வெறும் வெள்ளைக்கருவில் அடித்த ஐசிங் ஊதா நிறமாகத் திரும்பத் தொடங்கியது. இரண்டு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டதும் றோஸ் நிறம் திரும்பி வந்தது. அந்தக் கேக்கை யன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோனதில் பின்னேரத்துக்குள் ஒரு பக்கம் வெளிறிவிட்டது. வெளிச்சமும் இந்த நிறங்களுக்கு எதிரிதான். சாறை எடுத்தால் இருண்ட போத்தலில், குளிர்சாதனப் பெட்டியில், சில நாட்களுக்குள் பாவித்து முடிக்க வேண்டும். இரும்புச் சட்டியில் காய்ச்ச வேண்டாம், இரும்பு பட்டால் நிறம் கறுக்கும்.

சங்குப்பூவின் நீலம் இவ்வளவு எளிதில் உடைவதில்லை. அதன் நிறப்பொருளின் அமைப்பு அப்படி. அதனால்தான் கேக் அடிக்கிறவர்களுக்கு அதில் ஆசை. இயற்கையில் நீலம் கிடைப்பதே அரிது. மலேசியாவின் கிளந்தான் பக்கத்தில் இதைப் போட்டு நீலச் சோறு சமைக்கிறார்கள். தாய்லாந்தில் பானமாகக் குடிக்கிறார்கள். எங்களுக்கும் அந்நியமான பூ அல்ல. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் வரும் கருவிளை இதுதான். காக்கணங்கொடி என்று என் அம்மம்மா சொல்வார். எங்கள் வீட்டில் அது சுவாமிப் படத்துக்குப் போனதே தவிர அடுப்படிக்கு வந்ததில்லை.

இப்போது நான் விட்ட பிழைக்கு வருகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1997 மே 15ஆம் திகதிக்கு முன்னர் மக்கள் குறிப்பிடத்தக்க அளவில் உண்டிராத உணவு எதுவும் 'புதிய உணவு' என்ற கணக்கில் சேரும். அனுமதி கிடைக்கும்வரை அதை விற்கக் கூடாது. எங்கள் ஊரில் ஆயிரம் வருடமாக இருக்கிறதே என்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் குறைந்தது 25 வருடம் பாதுகாப்பாக உண்டதற்கு ஆதாரம் காட்டி, பாரம்பரிய உணவு என்று அறிவிக்கலாம். சங்குப்பூவின் காய்ந்த பூவுக்கு அப்படி ஒரு அறிவித்தல் போனது. 2022இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதற்கு ஆட்சேபம் எழுப்பியது. அந்தப் பூவில் சைக்ளோடைட் என்ற, வளையம் போல் மூடிய சிறு புரதங்கள் இருக்கின்றன. அவை உடம்பில் என்ன செய்யும் என்பது பற்றி அவர்களுக்குத் திருப்தியில்லை. ஆகவே இங்கே சங்குப்பூவை உணவென்று விற்கவோ விற்கும் உணவில் கலக்கவோ அனுமதியில்லை.

இதைப் பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம். சங்குப்பூ நஞ்சு என்று அவர்கள் சொல்லவில்லை. பாதுகாப்பு என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னார்கள். கணக்காய்வாளர் ஒருவர், களவு நடந்தது என்று எழுதுவதற்கும், பற்றுச்சீட்டு இல்லாததால் உறுதிப்படுத்த முடியவில்லை என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. அமெரிக்காவில் இதே பூவின் சாற்றை உணவு மருந்து நிர்வாகம் 2021இல் நிறமூட்டியாக ஏற்றுக்கொண்டது. 2025 மே மாதத்தில் காலையுணவுத் தானியங்கள், பிஸ்கற் வகைகள், உருளைக்கிழங்குச் சீவல் போன்றவற்றுக்கும் விரித்துவிட்டது. அங்கே சரி, இங்கே சரியில்லை. இணையத்தில் வாங்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. தூள் வந்து சேர்ந்துவிடும். எங்கள் ஆட்கள், வந்து சேர்ந்ததே, அப்படியென்றால் சட்டப்படிதானே என்று நினைத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொரு பொறியும் இருக்கிறது, அதிலும் நான் விழுந்திருந்தேன். பைக்கற்றுகளில் ஈ 163 என்று போட்டால் அந்தோசயனின். நான் நினைத்தது, சங்குப்பூவிலும் அந்தோசயனின், செவ்வரத்தையிலும் அந்தோசயனின், ஆகவே எல்லாம் ஈ 163, எல்லாம் அனுமதி உள்ளவை என்று. 2012ஆம் ஆண்டின் 231ஆம் இலக்க ஒழுங்குவிதியை எடுத்து வாசித்தேன். ஈ 163 என்பது காய்கறிகளிலிருந்தும் உண்ணத்தகு பழங்களிலிருந்தும் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. திராட்சைத் தோல், கறுப்புக் கரட் மாதிரியானவை. பூ என்ற சொல்லே அந்த இடத்தில் இல்லை. பொருளின் பெயர் ஒன்றாக இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சட்டம் கேட்கிறது. வருமானம் ஒன்றாக இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று வரிக் கந்தோர் கேட்பது போல.

செண்டுமல்லி இந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. லூட்டீன் என்ற ஈ 161பி எடுக்க அனுமதிக்கப்பட்ட செடிகளில் அது ஒன்று. கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்மஞ்சள் வயல்தான். அத்தனையும் மாலைக்குப் போவதில்லை, நிறம் எடுக்கவும் போகிறது. பூவை உலர்த்தி, உருண்டையாக்கி, ஹெக்சேன் என்ற கரைப்பானில் நிறத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். அதில் ஒரு பெரும் பங்கு கோழித் தீனிக்குப் போகிறது. நாங்கள் காலையில் பொரிக்கும் முட்டையின் மஞ்சட்கரு நல்ல நிறமாக இருந்தால் கோழி தின்ற செண்டுமல்லியும் அதில் இருக்கலாம். ஹெக்சேன் வேலையை யாரும் குசினியில் செய்து பார்க்க வேண்டாம், தீப்பற்றும் பொருள் அது.

குங்குமப்பூவுக்குச் சட்டத்தில் பிரச்சினையில்லை. அதைச் சுவைச்சரக்காகவே பார்க்கிறார்கள். பிரச்சினை விலையில். ஒரு பூவில் மூன்று இழைதான். ஒரு கிலோவுக்கு 150,000 பூ அளவில் வேண்டும். பாரிஸிலிருந்து தெற்கே, லுவாரே மாவட்டத்தில் புவான் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் குங்குமப்பூவுக்குப் பெயர்போன இடம், இன்றைக்கு அதற்கொரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். கலியாணக் கேக்கின் ஐசிங் முழுவதையும் குங்குமப்பூவில் மஞ்சளாக்கினால் மாப்பிள்ளை வீட்டார் பில்லைப் பார்த்து மயங்கி விழுவார்கள். மலிவாகக் குங்குமப்பூ என்று சந்தையில் கட்டுக்கட்டாகத் தந்தால் வாங்காதீர்கள். பெரும்பாலும் அது குசும்பப்பூவாகத்தான் இருக்கும். குசும்பப்பூ கெட்டதல்ல. அதன் மஞ்சள் தண்ணீருக்கு நன்றாக இறங்கும். மிட்டாய்ப் பைக்கற்றுகளில் 'கார்தாம்' என்று பிரெஞ்சில் எழுதியிருப்பது அதுதான். குங்குமப்பூவின் விலை கொடுத்து அதை வாங்குவதுதான் ஏமாளித்தனம்.

இதை எல்லாம் கேட்டுவிட்டு, கண்ட பூவையும் பறிக்க யாரும் வெளிக்கிட வேண்டாம். ஆவணி மாதம் மாணிக்க விநாயகர் தேர் இந்தத் தெருக்களால் வந்து போனபின், நடைபாதை முழுக்கச் செண்டுமல்லி இதழ் கிடக்கும். மாலைக்கென்று வளர்த்த பூவுக்கு அடித்த மருந்து என்னவென்று எவருக்கும் தெரியாது. அது சாமிக்கு மட்டும். உண்பதற்கென்று வளர்த்த பூ வேறு. அரளி, கார்த்திகைப்பூ இரண்டும் நஞ்சு, பார்க்க எவ்வளவு வடிவாக இருந்தாலும். கேரளத்தில் 2024இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் சபை, தன் கோயில்களின் பிரசாதத்திலும் நைவேத்தியத்திலும் அரளியைப் பாவிப்பதை நிறுத்தியது. அந்த இலையைக் கடித்து ஒரு இளம்பெண் இறந்ததாக வந்த செய்திக்குப் பிறகு எடுத்த முடிவு அது. இங்கே மே முதலாம் திகதி மெத்ரோ வாசலில் விற்கும் முகே பூவும் அப்படித்தான். அதை வைத்த சாடியின் தண்ணீர்கூட நஞ்சு. "பூதானே" என்ற சொல்லை நான் இனிப் பாவிப்பதில்லை.

அந்தத் தங்கச்சியிடம் இதை எல்லாம் சொல்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அவர் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "அப்ப சாமத்தியவீட்டு ஓடரை என்ன செய்யிறது?" என்றுதான் கேட்டார். நீலக் கேக் என்று முற்பணம் வாங்கியிருந்தார். யாருக்கும் தெரியாமல் செய்து கொடுத்துவிடலாம் என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். வீட்டில் நாங்கள் காய்ச்சிக் குடிப்பதற்கு எந்தப் பொலிசும் வரப்போவதில்லை, உண்மை. காசுக்கு விற்று, லேபிளும் ஒட்டி, 200 பேருக்குப் பரிமாறும்போது கதை வேறு. ஒரு பிள்ளைக்கு வயிற்றால் போனால்கூட, அது வேறு எதனால் வந்திருந்தாலும், முதலில் அந்த லேபிளைத்தான் பார்ப்பார்கள். ப்ரெபெக்தூரின் உணவுக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஆள் வந்தால் அவரிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம். செய்ய வேண்டாம் என்றேன்.

பெண்பிள்ளையின் தாய்க்கு அவரே தொலைபேசி எடுத்து உள்ளதைச் சொன்னார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளை நீலமெண்டு கேட்டவள்தான், ஆனா மெரூன் சாறிதானே உடுக்கப் போறாள்" என்று சொன்னாராம். பிசாப்பும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்த றோஸ் ஐசிங், உள்ளே மஞ்சள் தூளும் கொஞ்சம் குங்குமப்பூவும் போட்ட கேக், இப்படி முடிந்தது. நீலம்தான் வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு ஸ்பிருலினா என்ற பாசியின் நீலம் இங்கே உணவுச் சாறாக விற்கப்படுகிறது. அது சூட்டைத் தாங்காது, ஆகவே மேலே பூசத்தான் சரிவரும். விலையும் கொஞ்சம் குத்தும்.

12 கிலோத் தூளையும் விற்றவர் திரும்ப எடுக்கவில்லை. லேபிள்களும் வீண். பெட்டிகள் மட்டும் பாவனைக்கு வரும். ஆக 886 யூரோ நட்டம். சிறுதொழில் முறையில் செலவைக் கழிக்க முடியாது என்பதால் வரியிலும் ஒரு சல்லி குறையாது. அதில் ஒரு பங்கை நான் தருகிறேன் என்றேன். அவர் மறுத்துவிட்டார். "ரேடியோவிலை சொன்னதை ரேடியோவிலையே திருத்துங்கோ அண்ணை, அது காணும்" என்றார். அதனால்தான் இன்று வந்தேன்.

தூளில் கொஞ்சத்தை எனக்குத் தந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் அதைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பூசுகிறார்கள். காய்ந்ததும் தேசிக்காய்ப் புளியில் தூரிகையைத் தோய்த்து எழுதினால் நீலத்தில் றோஸ் எழுத்து விழுகிறது. போன கிழமை ஒரு சின்னவன் அப்பச்சோடாவால் எழுதிப் பச்சை எழுத்தும் எடுத்துவிட்டான்.

என் பழைய பேச்சைக் கேட்டு வேறு யாராவது சங்குப்பூத் தூள் வாங்கி விற்பனைக்கு வைத்திருந்தால், பில்லை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். வழமை போல செவ்வாய் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு நிலையத்தில் இருப்பேன். என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம், அதற்குக் கட்டணம் இல்லை.